மைக் கூவினால், சொல் மங்கினால்: சிறு மண்டபத்தில் பாடுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தாமே பாட்டுக் கட்டி, தாமே கிட்டார் வாசித்துப் பாடும் இளையவர்களுக்கும், அவர்களுக்காக மிக்சரில் நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மனதில் இருக்கும் இடம் பெரிய அரங்கு அல்ல. எண்பது நூறு கதிரை, டைல்ஸ் தரை, தகரக் கூரை, இரு பக்கமும் திறந்த ஜன்னல், ஓயாமல் சுழலும் ஃபேன். மேடையில் ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு உடுக்கோ மத்தளமோ, பிற்பாட்டுக்கு இரண்டு பேர். எட்டு சனல் மிக்சர், ஸ்டாண்டில் இரண்டு ஸ்பீக்கர், பாடுபவருக்குத் தன் குரல் கேட்க அவரின் காலடியில் ஒரு மொனிட்டர் ஸ்பீக்கர்.

எங்கள் நாட்டுப்பாட்டான கவி வயல்வெளியில் பக்கவாத்தியம் இல்லாமல் பாடப்பட்டது. நாலே அடி. அதில் ஒரு சொல் கேட்காமல் போனால் கவியே போய்விடும். அந்த வழியில் வரும் புதுப் பாட்டுக்கும் அப்படித்தான். ஆகவே கீழே வரும் எந்தப் பிழையைத் தீர்க்கும்போதும், கடைசி வரிசையில் இருக்கும் பெரியம்மாவுக்குச் சொல் போய்ச் சேருகிறதா என்பதையே அளவுகோலாக வையுங்கள். முதலில் பாடுபவர் நிற்கும் இடத்தைப் பாருங்கள், அடுத்து மைக்கை, அடுத்து ஸ்பீக்கரை. மிக்சரின் குமிழுக்குக் கடைசியாகத்தான் கை போக வேண்டும்.

மைக் கூவுகிறது

ஸ்பீக்கரில் வந்த சத்தம் மைக்குக்குள் திரும்பிப் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றத் தொடங்கினால் கூவல் வரும். வந்தவுடன் முழு மிக்சரையும் இறக்க வேண்டாம். கடைசியாக எதைக் கூட்டினீர்களோ அதை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். பாட்டு அறுபடாமல் போகட்டும். காரணத்தை அந்தப் பாட்டு முடிவதற்குள் தேடலாம்.

முதற் காரணம் அநேகமாகத் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் பாதியானால், மைக்கில் விழும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். ஒரு சாண் தள்ளி நின்று பாடுபவர் மூன்று விரல் தூரத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட 12 டெசிபெல் கிடைக்கிறது. அந்த அளவுக்கு மிக்சரில் குறைக்கலாம், கூவலும் நின்றுவிடும். கூச்சத்தால் மைக்கை விட்டு விலகி நிற்கும் பாடகருக்குப் பக்கத்தில் போய், "தங்கச்சி, கொஞ்சம் கிட்ட வாங்க, கூட்டாம இருக்கலாம்" என்று சொல்வது எந்தக் குமிழையும் விடப் பலன் தரும்.

அடுத்து, கை. மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால், பின்னாலிருந்து வரும் சத்தத்தைத் தள்ளும் அதன் தன்மை கெட்டுப்போகும். கைப்பிடியை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். கிட்டாரும் வாசிப்பவர் என்றால் ஸ்டாண்டே நல்லது.

மூன்றாவது, ஸ்பீக்கர். இரண்டும் பாடுபவருக்கு முன்னால், சனத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மேடை சிறிதாக இருப்பதால் ஸ்பீக்கரைப் பின்சுவரோடு வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் மிக்சரில் என்ன செய்தாலும் கூவல் தீராது. மேடையில் இடமில்லையென்றால் ஸ்பீக்கரைத் தரைக்கு இறக்கி, ஸ்டாண்டை உயர்த்தி, மேடைக்கு முன்னால் இரு ஓரமாக நிறுத்துங்கள்.

மொனிட்டரை எங்கே வைப்பது என்பதை மைக்கின் இனம் தீர்மானிக்கிறது. 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷுவர் எஸ்.எம். 58, அதைப் பார்த்துச் செய்த மலிவு மைக்குகள் பெரும்பாலானவை எல்லாம் முன்னாலிருந்து வரும் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியோயிட் வகை. அவற்றுக்கு நேர் பின்பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். மொனிட்டர் பாடுபவருக்கு நேர் எதிரே, மைக்கின் வாலைப் பார்த்து இருக்கட்டும். அதைவிடக் குறுகலாக வாங்கும் சூப்பர் கார்டியோயிட் என்றால் நேர் பின்பக்கத்தில் கொஞ்சம் கேட்கும். பின்னால் சாய்வாக, மைக்கின் முகத்திலிருந்து ஏறத்தாழ 125 பாகைக் கோணத்தில்தான் செவிடு. ஆகவே மொனிட்டரை ஒரு பக்கமாகத் தள்ளிச் சரித்து வையுங்கள்.

திறந்திருக்கும் மைக்குகளையும் எண்ணுங்கள். எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் கூவாமல் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபெல் குறைகிறது. பிற்பாட்டுக்காரர் இருவருக்கும் ஒரே மைக் போதும். அறிவிப்பாளரின் மைக், அவர் இறங்கியதும் மூடப்பட வேண்டும். நிகழ்ச்சி முழுக்க அது திறந்தே கிடப்பதைப் பல மண்டபங்களில் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு, தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவுக்கு வாருங்கள். "ஊ" என்ற தாழ்ந்த ஊளை என்றால் 250 முதல் 500 ஹேர்ட்ஸ் வரை தேடுங்கள். விசில் போலிருந்தால் ஆயிரத்தை ஒட்டி. காதைக் கிழிக்கும் கீச்சு என்றால் இரண்டாயிரத்துக்கு மேலே. 3 முதல் 6 டெசிபெல் குறைத்தால் போதும். இரண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடையில் மட்டும் மிகக் கவனமாகக் கைவையுங்கள். க, ச, ட, த, ப பிரிந்து கேட்பது பெரும்பாலும் அந்த எல்லையில்தான். அதை அள்ளி எறிந்தால் கூவல் போகும், பாட்டும் கூடவே போகும்.

சத்தம் நிறைய இருக்கிறது, சொல் கேட்கவில்லை

இதுதான் எனக்கு மிக முக்கியமான பிழை. கூவலைச் சனமே திரும்பிப் பார்த்துச் சொல்லிவிடும். சொல் மங்குவதை யாரும் சொல்ல மாட்டார்கள். மரியாதைக்காகக் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பாடகர் தன் பாட்டு எடுபடவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

சோதிக்கும் முறை இது. ஒருவர் கடைசி வரிசைக்குப் போகட்டும். பாடுபவர் மைக்கில் ஊர்ப் பெயர்களைத் தாறுமாறான ஒழுங்கில் வாசிக்கட்டும்: களுவாஞ்சிக்குடி, கொக்கட்டிச்சோலை, மண்டூர், கிரான், பாண்டிருப்பு, பட்டிருப்பு, தம்பிலுவில், திருக்கோவில். பின்னால் நிற்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாண்டிருப்பும் பட்டிருப்பும் குழம்பினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். "ஹலோ, மைக் டெஸ்டிங், வன் டூ திறீ" என்பது மைக் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அந்தச் சொற்கள் எல்லோருக்கும் மனப்பாடம், கேட்காவிட்டாலும் கேட்டது போலவே இருக்கும்.

முதலில் எக்கோவை முழுதாக நிறுத்துங்கள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் எக்கோ போட்டுப் பழகிய சவுண்ட்காரர் அதை வைத்தே வருவார். அவர் கெடுதல் நினைக்கவில்லை, கேட்டவர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் தகரக் கூரையும் டைல்ஸ் தரையும் ஏற்கெனவே எதிரொலிக்கின்றன. "அண்ணன், இன்றைக்குச் சொல் கேட்க வேணும், எக்கோ வேண்டாம்" என்று நிகழ்ச்சிக்கு முன்பே, மற்றவர்கள் இல்லாத நேரத்தில் தன்மையாகச் சொல்லுங்கள். ஒரு தாலாட்டுக்கு மட்டும் சிறிது வேண்டுமென்றால் எந்தப் பாட்டு என்று குறித்துக் கொடுங்கள்.

பிறகு ஒட்டுமொத்தச் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். ஸ்பீக்கரைக் கூட்டும்போது மண்டபத்தின் எதிரொலியும் அதே அளவு கூடுகிறது, சொல் எந்த விதத்திலும் தெளிவதில்லை. ஸ்பீக்கரின் மேற்பகுதியில் இருக்கும் ஹோர்ன், அமர்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலாக இருக்கட்டும். அதன் முகம் சனத்தின் மேல் விழ வேண்டும், வெறும் பின்சுவரில் அல்ல. பின்சுவரில் தடித்த திரைச்சேலையோ பன்பாய்களோ தொங்கவிட்டால் உயர்ந்த ஒலிகளின் எதிரொலி குறையும். சனம் வந்து நிறைந்ததும் நிலைமை இன்னும் கொஞ்சம் சீராகும், மனித உடல் ஒலியை நன்றாகவே உறிஞ்சும். ஆகவே வெறும் மண்டபத்தில் கேட்டதை வைத்து மனம் தளர வேண்டாம்.

மிக்சரில் குரல் சனலின் லோ-கட் பொத்தானை அழுத்துங்கள், அது மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடும். சிறிய மிக்சர்களில் அது 75 முதல் 100 ஹேர்ட்ஸ் வரையில் இருக்கும். கார்டியோயிட் மைக்கின் கிட்டே வந்து பாடும்போது அடித்தொனி தானாகவே உப்பிவிடும், கூவலுக்குச் செய்த மருந்தின் பக்கவிளைவு அது. லோ-கட் போதாவிட்டால் 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரை சற்றுக் குறையுங்கள். கிட்டாருக்கும் அதே இடத்தில் கொஞ்சம் குறைத்தால் குரலுக்கு வழி கிடைக்கும்.

மீதி பாடகரின் கையில் இருக்கிறது. வரி ஓடும்போது ஆறு தந்தியையும் அள்ளி அடிக்காமல் விரலால் மீட்டுங்கள். வரி முடிந்த இடைவெளியில் முழுதாக அடியுங்கள். கூத்தில் ஆட்டம் உச்சத்துக்குப் போகும் இடமும் வரி தெளிவாக நிற்க வேண்டிய இடமும் வேறுவேறாக இருப்பதை கூத்தைப் பழக்கி நடத்தும் நல்ல அண்ணாவியார்கள் நன்கு அறிவார்கள். மத்தளத்தை அதற்கேற்பத்தான் ஏற்றி இறக்குவார்கள். அதே அறிவு கிட்டாருக்கும் வேண்டும்.

உதடு மைக்கில் பட்டதும் சுள்ளென்கிறது

பாட்டை அந்த வரியிலேயே நிறுத்துங்கள். முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று ஒரு நொடியும் இருக்க வேண்டாம். பாடகர் கிட்டாரையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. பிரதான சுவிட்சை நிறுத்திய பிறகே வயர்களில் கைவைக்க வேண்டும்.

எங்கள் மின்சாரம் 230 வோல்ட். கிட்டார் அம்ப் ஒரு பிளக்கிலிருந்தும் மிக்சர் இன்னொரு பிளக்கிலிருந்தும் வந்து, அவற்றில் ஒன்றுக்கு எர்த் இல்லாமல் போனால், தந்தியிலிருந்து கை வழியாக உதடு வரை மின்னோட்டம் பாயலாம். எர்த் ஊசி உடைந்த பிளக், இரண்டு ஊசி அடாப்டர், எர்த் இணைக்காத எக்ஸ்டென்ஷன் வயர், எர்த் போடாத ஜெனரேட்டர் இவற்றைத் தேடுங்கள். கடற்கரையில், ஈர மணலில், வெறுங்காலோடு நின்று பாடும் நிகழ்ச்சிகளில் ஆபத்து பல மடங்கு. மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போட்டுச் சமாளிப்பது தீர்வே அல்ல. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்வேலை தெரிந்தவர் வந்து எர்த்தைச் சரிபார்க்கும் வரை, அன்றைய நிகழ்ச்சி மைக் இல்லாமல் நடக்கட்டும்.

ஓயாத "ம்ம்ம்" இரைச்சல்

தாழ்ந்த, மாறாத முனகல் என்றால் அது மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். சனல்களை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ அங்கே குற்றம் இருக்கிறது. கிட்டாரில் என்றால் தந்தியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டால் குறைகிறது என்றால் கிட்டாரின் உள் வயரிங்கோ வயரோ பிழை. லாப்டொப் இணைத்திருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே பிளக்கிலிருந்து கரண்ட் எடுத்தால் எர்த் இரு வழியாகச் சுற்றுவது தவிரும். கிட்டார் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.ஐ. பொக்ஸ் இருந்தால் அதில் எர்த் லிஃப்ட் என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்தலாம். அது ஒலி வயரை மட்டும் பிரிக்கிறது. பிளக்கின் எர்த் ஊசியை வெட்டுவது வேறு, அதை ஒருநாளும் செய்யாதீர்கள். மேடை விளக்கைக் குறைக்கும்போது மட்டும் "ஜ்ஜ்" என்று கீறினால் விளக்கின் டிம்மர்தான் காரணம், முழுதாக எரியவிடுங்கள் அல்லது அணைத்துவிடுங்கள்.

கிட்டார் மட்டும் ஊளையிடுகிறது, அல்லது பிளாஸ்டிக் போலக் கேட்கிறது

மரக் கிட்டாரின் வயிற்றுக்கு இயல்பான ஓர் அதிர்வு 100 ஹேர்ட்ஸை ஒட்டி உண்டு. ஸ்பீக்கர் அதைத் தட்டி எழுப்பினால் தாழ்ந்த ஊளை வரும். ஒலித்துளையை மூடும் ரப்பர் மூடி உடனடித் தீர்வு. கிட்டாரின் ப்ரீ-அம்பில் ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். அதன் பின்னர் 100 ஹேர்ட்ஸ் அருகே குறையுங்கள். பிரிட்ஜின் கீழ் இருந்து அதிர்வை வாங்கும் பீயேசோ பிக்கப் தனியாக வரும்போது காய்ந்த, பிளாஸ்டிக் ஒலி வரும். கூர்மையாக அடிக்காமல் விரலின் சதையால் வாசித்து, உயர்ந்த பகுதியைச் சற்று இறக்கினால் சகிக்கும்படி ஆகும். நேராக மிக்சருக்குக் கொண்டுபோகும் கிட்டார் வயர் ஐந்தாறு மீற்றரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் தேவையென்றால் டி.ஐ. பொக்ஸ் வேண்டும்.

சுருதி நழுவுகிறது

இரண்டாம் பாட்டுக்குள் கிட்டார் இறங்கிவிட்டதென்றால், ஏசி அறையிலோ வாகனத்திலோ இருந்து நேரே மேடைக்கு வந்திருக்கும். உருக்குத் தந்தி சூடேறினால் தளர்ந்து சுருதி இறங்கும். அரை மணி நேரம் முன்பே கிட்டாரை மேடையில் வைத்து, அங்கே இருக்கும் வெப்பத்துக்குப் பழகவிட்டு, பிறகு சுருதி கூட்டுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். புதுத் தந்தியை நிகழ்ச்சி நாளில் மாட்ட வேண்டாம், முந்திய நாளே மாட்டி இழுத்துப் பழக்குங்கள்.

மாரியில், கார்த்திகை மார்கழியில், காற்றின் ஈரத்தை மரம் குடித்து உப்பும். சுருதி ஏறும், தந்தி உயர்ந்து விரல் நோகும். கச்சான் வீசும் மாதங்களில் மரம் காய்ந்து வற்றி, தந்தி ஃப்ரெட்டில் உரசிக் கிறுகிறுக்கும். பருவத்துக்கு ஒரு தடவையாவது கழுத்தைச் சரிபார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் உப்புக்காற்று தந்தியைச் சீக்கிரம் தின்னும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடையுங்கள்.

உடுக்கும் மத்தளமும் தோல். ஈரத்தில் தளர்ந்து, சூட்டில் இறுகும். ஹார்மோனியத்தின் சுருதியை மேடையில் மாற்றவே முடியாது. ஆகவே ஹார்மோனியம் இருந்தால் அதற்குக் கிட்டாரைக் கூட்டுங்கள், டியூனர் காட்டும் பச்சை விளக்குக்கு அல்ல.

கல்லடியில் சங்கீதம் படித்த வயலின்காரர் கட்டைக் கணக்கில் பேசுவார், கிட்டார்காரர் கோர்ட் பெயரில் பேசுவார். மேடையில் குழம்பாமல் இருக்க இதை எழுதி ஒட்டிவையுங்கள்: ஒரு கட்டை ஸி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப், முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகள் எல்லாவற்றையும் அழுத்தும் பிடி) போட்டு ஜி வடிவத்தில் வாசிக்கலாம். இரண்டு கட்டை என்றால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போவும் ஸி வடிவமும்.

மத்தளம் பாட்டை மூடிவிடுகிறது

இவ்வளவு சிறிய மண்டபத்தில் மத்தளத்துக்கு மைக் வேண்டாம். கூத்தாடும் வட்டக்களரியில் சுற்றி நிற்கும் சனம் முழுவதற்கும் கேட்கப் பிறந்த கருவி அது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் அதை வைத்தால் அவருடைய மைக்கே மத்தளத்தையும் வாங்கிப் பெருக்கும். பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி தள்ளி, சற்று முன்னால் உட்கார வையுங்கள். கீழே பாய் விரியுங்கள். உடுக்குக்கும் இதேதான், அதன் கூர்மை இன்னும் கூட. கூத்தில் தட்டும் தாளமான சல்லாரி வரிக்கு நடுவில் வேண்டாம் என்பது என் கருத்து.

கூத்தில் பாடி வளர்ந்த ஒருவர் விருந்தாளியாக வந்து ஒரு பாட்டுப் பாடினால், அவருடைய குரல் திறந்த வெளிக்குப் பழகியது என்பதை நினைவில் வையுங்கள். மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெய்ன் குமிழை முன்கூட்டியே இறக்கி, மைக்கை ஒரு சாண் தள்ளிவையுங்கள். மூன்று விரல் விதியை அவரிடம் சொல்ல வேண்டாம்.

பாடகருக்குத் தன் குரல் கேட்கவில்லை

அறிகுறி: பாட்டுக்குப் பாட்டு கத்தல் கூடும், மேல் சுரங்களில் சுருதி பிசகும், நாலாவது பாட்டில் தொண்டை கரகரக்கும். மொனிட்டரில் கிட்டாரையும் உடுக்கையும் எடுத்துவிட்டு, குரலை மட்டும் விடுங்கள். கிட்டார் அவர் கையிலேயே இருக்கிறது. மேடை ஃபேன் நேரே முகத்தில் அடித்தால் திருப்பிவிடுங்கள், தொண்டையை அது உலர்த்தும். குளிர்பானம் அல்ல, சாதாரணத் தண்ணீர். போதாவிட்டால் கேப்போவை ஒரு ஃப்ரெட் இறக்கிப் பாடுங்கள், அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

சத்தம் விட்டுவிட்டு வருகிறது

வயர். முதலில் வயரை மாற்றுங்கள். தீராவிட்டால் மைக்கை, பிறகு சனலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். வயர்லெஸ் என்றால் பற்றரி.

புதுப் பாட்டில் சனம் கதைக்கத் தொடங்குகிறது

இதைச் சவுண்ட் பிழையாகவே முதலில் பாருங்கள். சொல் கேட்காதபோதுதான் சனம் பெரும்பாலும் கதைக்கும். கடைசி வரிசை மட்டும் கதைத்தால் பிழை ஸ்பீக்கரில். முன் வரிசையும் கதைத்தால் பாட்டின் வைப்பில்.

தெரிந்த மெட்டு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் புதுப் பாட்டை வையுங்கள். இரண்டு புதுப் பாட்டை அடுத்தடுத்துப் பாட வேண்டாம். பாடுவதற்கு முன்னால் நீண்ட விளக்கம் வேண்டாம். யாருக்காக, எந்த ஊரில் வைத்துக் கட்டியது என்று ஒரே வசனம் போதும். பல்லவியின் கடைசி அடியைச் சனத்துக்குச் சொல்லிக் கொடுங்கள். பிற்பாட்டுப் பாடுவது எங்கள் கூத்திலும் வசந்தன் ஆட்டத்திலும் ஊறிய பழக்கம், கேட்டால் பாடுவார்கள். சுருதி கூட்டும்போது மேடை மௌனமாகக் கிடந்தால் கதை தொடங்கிவிடும். அந்த இடைவெளியை உடுக்குக்காரருக்குக் கொடுங்கள்.

தகரத்தில் மழை இறங்குகிறது, கரண்ட் போகிறது

வாடைக் காலத்தில் இரண்டும் சேர்ந்தே வரும். தகரக் கூரையில் கொட்டும் மழையோடு போட்டிபோட்டு மிக்சரைக் கூட்ட வேண்டாம். சொல் வெல்லாது, கூவல்தான் வரும். கதை சொல்லும் பாட்டை ஒத்திவைத்து, சனம் சேர்ந்து பாடும் பாட்டை எடுங்கள். மழை ஓய்ந்ததும் விட்ட இடத்துக்கு வரலாம்.

கரண்ட் போனால் மிக்சரில் நிற்பவர் உடனே அம்பை நிறுத்தி, ஃபேடர்கள் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். திரும்பி வரும்போது வரும் அடி ஸ்பீக்கரை உடைக்கலாம். பாடகர் மேடையை விட்டு இறங்கட்டும். பக்கச் சுவர் ஒன்றுக்கு முதுகு காட்டி நின்றால் குரலை அந்தச் சுவர் முன்னே தள்ளித் தரும். கதிரைகளை நெருக்கி, களரி போலச் சுற்றி வரச் சொல்லுங்கள். வேகத்தைக் குறையுங்கள். கிட்டார் வரியின் முடிவில் மட்டும், மத்தளம் விரலால் மட்டும்.

கரண்ட் வந்ததும் ஓடிப்போய் மைக்கைப் பிடிக்க வேண்டாம். அந்தப் பாட்டைச் சனத்துக்கு நடுவிலேயே முடியுங்கள். அதற்குள் மிக்சரில் நிற்பவர் முதலில் மிக்சரையும் கடைசியாக அம்பையும் போட்டு, குரல் சனலை மட்டும் கீழிருந்து மெல்ல ஏற்றி வைத்திருப்பார்.